வேம்புக்கு ஒரு தேதி கொடுங்கள்

(தண்டையார்பேட்டை டோல்கேட் அருகே நடந்த யானைக்கால் நோய் ஒழிப்பு ஆறாம் ஆண்டு விழிப்புணர்வு விழாவில், கிடங்குத் தொழிலாளர் சங்கச் செயலாளர் செங்குட்டுவன் ஆற்றிய உரை. ஆண்டு 2003.)

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கே வந்து, மின்விசிறிக்கு நேர் எதிரே இடம் பிடித்து, தலைமைப் பொறுப்பைத் தளராமல் தாங்கிக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தமீம் பாய் அவர்களே! முன்னிலை வகிக்கும் மருத்துவ அதிகாரி ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி முடித்த ஏழு பேரே! எனக்குப் பின்னால் பேசக் காத்திருக்கும் ஐந்து பேரே! இராயபுரத்திலிருந்தும், திருவொற்றியூரிலிருந்தும், எண்ணூரிலிருந்தும் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பெரியோர்களே! வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! மூட்டை சுமந்த தோளைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், உடம்பெல்லாம் மைதா மாவோடு வந்து கடைசி வரிசையில் நிற்கும் என் சங்கத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை வழங்குகிறேன். வாழ்த்தை வழங்கமாட்டேன். வாழ்த்தும் மனநிலையில் நான் இன்று வரவில்லை.

இது ஆறாவது ஆண்டு விழா. ஆறு ஆண்டாக விழிப்புணர்வு! ஆறு ஆண்டாக ஊர்வலம்! ஆறு ஆண்டாகத் தொப்பி, ஆறு ஆண்டாகத் துண்டறிக்கை, ஆறு ஆண்டாகத் தேநீர், பிஸ்கட்டு! விழித்து விழித்து எங்கள் கண்ணே வீங்கிவிட்டது ஐயா! இன்னும் எத்தனை ஆண்டுதான் எங்களை எழுப்பிக்கொண்டே இருப்பீர்கள்? விழித்தவனுக்கு அடுத்து என்ன தருவோம் என்று இந்த ஏழு பேரில் ஒருவராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

ஏழு பேரும் கொசுவைத் திட்டினீர்கள். கொசுவை ஒழிப்போம், கொசுவை விரட்டுவோம், கொசுவுக்குக் கல்லறை கட்டுவோம் என்றீர்கள். நல்லது. கொஞ்சம் குனிந்து பாருங்கள், இந்த மேடை எதன் மேல் நிற்கிறது? சாக்கடை மேல் பலகை போட்டு, பலகை மேல் ஜமக்காளம் போட்டு, ஜமக்காளத்தின் மேல் நாற்காலி போட்டு, அதில் அமர்ந்துகொண்டு கொசு ஒழிக என்கிறோம்! நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு இடத்தில் கடித்துவிட்டது. கைதட்டாதீர்கள் தோழர்களே. தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கொசுவின் மேல் தட்டுங்கள்.

மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குச் செங்குட்டுவன் மாத்திரை வேண்டாமென்றான் என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள். தலை சுற்றினாலும் விழுங்குங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அடுத்த தலைமுறைக்கு இந்த நோய் வராமல் தடுக்கும் அருமருந்து அது. ஆனால் ஏற்கெனவே வீங்கியவனுக்கு? பத்து வருடத்துக்கு முன்பே புழு புகுந்து, நிணநீர்க் குழாயை அடைத்து, நீர் கோத்து, நிமிர்ந்து நடக்க முடியாமல் நிற்கிறானே, அவனுக்கு? அவன் மாத்திரையை மூட்டை மூட்டையாக விழுங்கினாலும் அந்த நீர் வடியாது. அவனுக்கு வேண்டியது அறுவைச் சிகிச்சை. அரை மணி நேரம். முதுகில் ஒரு ஊசி, ஒரு கத்தி, ஒரு டாக்டர், ஒரு மேசை. அவ்வளவுதான் அவன் கேட்பது.

எந்த வீக்கத்தைச் சொல்கிறேன் என்று முன் வரிசைக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்குகிறீர்கள். எனக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்களே ஒரு பேனர், அதைப் பாருங்கள். பத்தடி அகலம். அதில் ஒரு கால். வீங்கிய கால். போன ஆண்டும் கால். முந்தின ஆண்டும் கால். யானைக்கால் என்று பெயர் வைத்த பாவத்துக்கு, இந்த நோய் காலில் மட்டும்தான் குடியிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டீர்களா? காலைப் படம் எடுக்கலாம், காலைப் பேனரில் போடலாம், காலுக்குச் செருப்பு வழங்கி அதையும் படம் எடுக்கலாம். ஆண்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே வருகிற வீக்கத்தை எந்தப் பேனரில் போடுவது? அதனால் அந்த நோயே இல்லையென்று ஆக்கிவிட்டோம்.

இதோ சீட்டு வந்துவிட்டது. தலைவர் அனுப்பியிருக்கிறார். "தாய்மார்கள் இருக்கிறார்கள், நாசூக்காகப் பேசவும்." தமீம் பாய், உங்கள் மேல் எனக்கு மலையளவு மதிப்பு உண்டு. ஆனால் யாரிடம் மறைக்கச் சொல்கிறீர்கள்? அந்த வேட்டியைத் துவைப்பது யார்? காய்ச்சலில் அவன் பிதற்றும்போது ஈரத்துணி போடுவது யார்? அவன் கட்டிலில் திரும்பிப் படுத்து அழுவதைக் கேட்பது யார்? இந்தப் பந்தலில் இந்த நோயைப் பற்றி முழுமையாக அறிந்தவர்கள் இரண்டே பேர்: ஒருவர் மருத்துவர், இன்னொருவர் மனைவி. தாய்மார்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. ஏழை நாடு எதுவானாலும் இதே கதைதான். கொசு கடிக்கும் குடிசை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த வீக்கம் இருக்கிறது. இந்த நோய் ஆளைக் கொல்லாது. அதுதான் இதன் சாபக்கேடு! கொன்றிருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும். தொற்றிக்கொண்டு விமானம் ஏறிப் போயிருந்தால் உலகமே பதறியிருக்கும். இது பதற வைக்காது, பாழாக்கும். உயிரை எடுக்காது, உழைப்பை எடுக்கும். ஏழைக்கு மாத்திரை போதும், மேசையும் கத்தியும் மயக்க மருந்தும் காசிருப்பவனுக்கு என்று கோடு கிழித்தவன் யார்? எந்த மாநாட்டில் எந்த மேதை கிழித்தான்? அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு மனிதனின் கதையைச் சொல்கிறேன். சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

அவர் பெயர் வேம்பு. புளியந்தோப்பு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. இருபத்திரண்டு வருடமாகக் கிடங்கில் மூட்டை சுமக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால் நடை மாறியது. நான் கேட்டேன்: "இன்னா வேம்பு, ஏன் இப்டி அகட்டி அகட்டி நடக்கற?" அவர் சொன்னார்: "ஒண்ணியும் இல்ல தோழர், வேட்டி ஈரமா கீது." ஒன்றரை வருடம் அந்த வேட்டி காயவேயில்லை! சித்திரை வெயிலிலும் காயவில்லை! கடைசியில் ஒருநாள் அரிசி மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் வாய் திறந்தார். அதற்குள் ஒரு தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லமாட்டேன். பார்த்தார்கள், பரிசோதித்தார்கள், பரிவாகத்தான் பேசினார்கள். ஆபரேஷன் என்றார்கள். ஒரு மஞ்சள் சீட்டில் நம்பர் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பூவம்மா, வேம்புவின் மனைவி, அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பாதுகாத்தார். முதல் தேதிக்குப் போனோம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெள்ளையடிக்கிறார்கள், திரும்பி வா. இரண்டாம் தேதிக்குப் போனோம். எண்ணூர் சாலையில் லாரி விபத்து, நான்கு பேர் ரத்தமும் சதையுமாக வந்திருக்கிறார்கள், திரும்பி வா. அதற்குக் கோபிக்க முடியுமா? முடியாது. அவர்கள் உயிர் முக்கியம். திரும்பி வந்தோம்.

மூன்றாம் தேதிக்குப் போனோம். முந்தின இரவிலிருந்து பட்டினி. பச்சைச் சட்டை மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு வந்து சொன்னார்கள்: மயக்க மருந்து டாக்டர் இல்லை, வெளியே போயிருக்கிறார். எங்கே போனார் தெரியுமா? ஒரு விழாவுக்கு. எந்த விழாவுக்குத் தெரியுமா? இந்த விழாவுக்கு! சென்ற ஆண்டு காலையில்தானே நடத்தினோம்? இதே மேடை, இதே மைக். "அறுவைச் சிகிச்சைக்குத் தயங்காதீர்கள்" என்று அந்த நல்ல மனிதர் நாற்பது நிமிடம் பேசினார். அவரை வற்புறுத்தி அழைத்து வந்தது நாம். அவருக்குச் சால்வை போட்டது நாம். அங்கே வேம்பு வெறும் வயிற்றோடு தள்ளுவண்டியில் படுத்துக்கிடந்தார், இங்கே நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம். நானும் தட்டினேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் கையையே பிடிக்கவில்லை.

சரி. நான்காம் தேதி கிடைத்தது. இப்போதுதான் தங்கப்பாண்டி வருகிறார். அதே கிடங்கு, அதே வேலை, அதே வீக்கம், ஆனால் வேம்புவை விட மோசம். மாதம் தவறாமல் குளிர்க்காய்ச்சல். மூன்று மாதமாக மூட்டையைத் தொடவில்லை. அவருக்கும் மஞ்சள் சீட்டு கொடுத்திருந்தார்கள், தேதி பதினோரு மாதம் கழித்து. இங்கேதான் என் தோழர்கள் ஒரு தப்பு செய்தார்கள். இந்த உலகத்தில் வேறு எவனும் செய்யமாட்டான், கிடங்குத் தொழிலாளி மட்டும்தான் செய்வான்.

கிடங்கில் வேலை பார்க்காத தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கேங்கில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை உண்டு. வேலை அந்தப் பில்லைக்குத்தான், ஆளுக்கு இல்லை. எனக்கு உடம்பு சரியில்லையா, என் பில்லையை நண்பனிடம் கொடுத்து அனுப்புவேன். மேஸ்திரி முகத்தைப் பார்க்கமாட்டார், பில்லையைப் பார்ப்பார். நம்பர் சரியா, உள்ளே போ. அப்படித்தான் எங்கள் அப்பன் காலத்திலிருந்து ஒருவன் விழுந்தால் இன்னொருவன் தூக்கியிருக்கிறான். வேம்பு என்ன நினைத்தார்? ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மஞ்சள் சீட்டை எடுத்துப்போய்த் தங்கப்பாண்டி கையில் வைத்தார். "மாமு, உனுக்குத்தான் ரொம்ப பேஜாரா கீது. இந்தா, இத்த வெச்சிக்கோ. நீ மின்னாடி போய் அறுத்துகினு வா. உன் சீட்டுல நான் அப்பால போய்க்கறேன்."

தங்கப்பாண்டி கேட்டிருக்கிறார்: "டாக்டரு ஒத்துப்பாரா?"

"ஏன் ஒத்துக்க மாட்டாரு? நம்பரு சரியா கீதான்னு பாப்பாரு. அவ்ளோதான். மூஞ்சியவா அறுக்கப் போறாரு?"

சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன். சிரித்த பிறகு யோசித்தேன். மூன்று முறை பட்டினி கிடந்து, மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, நான்காவதாகக் கையில் கிடைத்த ஒரு தேதியை, தன்னைவிட அவனுக்கு அதிகம் வலிக்கிறது என்பதற்காக எடுத்துக் கொடுக்கிறானே ஒருவன், அவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஆஸ்பத்திரி ஒரு பெயர் வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பூவம்மா உட்கார்ந்து தங்கப்பாண்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பேரு கேட்டா இன்னா சொல்லணும், வயசு கேட்டா இன்னா சொல்லணும், விலாசம் கேட்டா இன்னா சொல்லணும். தங்கப்பாண்டி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் படுத்தார். தியேட்டர் வாசலில் ஒரு செவிலியர், இராயபுரத்துப் பெண், ரோஸ்மேரி என்று பெயர், கேட்டார்.

"பேரு?"

"வேம்பு."

"சம்சாரம் பேரு?"

"பூவம்மா."

"எந்தப் பக்கம் வீக்கம்?"

"வலது பக்கம்மா."

கேஸ் தாளில் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறது. ரோஸ்மேரி துணியை விலக்கிப் பார்த்தார். வலது பக்கம்தான். தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "யாருப்பா நீ?" என்றார். பூவம்மா எல்லாம் சொல்லிக்கொடுத்தார், இதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். தங்கப்பாண்டி உண்மையைச் சொல்லிவிட்டார். "நான் அவன் தோஸ்தும்மா."

அந்த ரோஸ்மேரி சகோதரிக்கு இந்த மேடையிலிருந்து தலை வணங்குகிறேன். அவர் தடுத்தது சரி. வேம்புவின் ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு தங்கப்பாண்டிக்கு ஊசி போட்டிருந்தால் ஆளே போயிருக்கலாம். என் தோழர்கள் செய்தது தப்பு, ஆபத்தான தப்பு. அதை அவர்களிடம் அன்றைக்கே வாய் வலிக்கத் திட்டிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவேயில்லை. பட்டியல் வைத்திருக்கும் குமாஸ்தா சிவப்பு மையை எடுத்து இரண்டு பெயரையும் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: ஆள்மாறாட்டம். அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்! கள்ள ஓட்டுப் போட வந்தவனா அவன்? யார் சொத்தைத் திருட வந்தான்? தன் உடம்பை அறுக்கச் சொல்லித்தானே வந்து படுத்தான்!

ஒன்பது முறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒன்பது முறை! ரோஸ்மேரி தன் கைப்பட எழுதிக் கொடுத்தார், இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, அறியாமல் செய்தார்கள் என்று. அதையும் கொடுத்தேன். குமாஸ்தா படித்தார். அழகான கையெழுத்து என்றார். அவ்வளவுதான். "புதுசா மனு போடுங்க சார், வரிசையில வரும்." எப்போது வரும்? "பதினெட்டு மாசம் ஆகும் சார்." பதினெட்டு மாதம் அவனை எங்கே வைப்பது? பூவம்மாவின் அரிசி டப்பாவிலா?

இப்போது சீக்கிரம் முடிக்கச் சொல்லி இரண்டாவது சீட்டு வருகிறது. "இரண்டு நிமிடத்தில் முடிக்கவும்." பாய், வேம்புக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, அவருக்கே இரண்டு நிமிடம் என்றால் எப்படி? இன்று புதன்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேம்பு ஓர் ஆளிடம் போகிறார். பட்டப்படிப்பு கிடையாது, பலகையில் பெயர் கிடையாது. பெரிய ஊசி வைத்திருக்கிறான், தண்ணீர் எடுத்துவிடுவான். எடுத்த அடுத்த மாதமே மறுபடி கோத்துக்கொள்ளும் என்று தெரிந்தே போகிறார். போன பொங்கலுக்கு எங்கள் கேங்கில் ஒருவர் அதே ஊசிக்குப் போனார். சீழ் பிடித்தது. பத்தாம் நாள் நாங்கள் அவருக்கு மாலை வாங்கினோம். கொல்லாத நோய் என்று சொன்னேன். நோய் கொல்லவில்லை ஐயா, நாம் தேதி கொடுக்காததுதான் கொன்றது.

பூவம்மா நேற்று சங்கத்துக்கு வந்து அழுதார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு தோழர். வலி தாங்கல, இன்னும் ஒன்றர வருசம் என்னால ஆவாதுன்றாரு. நீங்கதான் எதனா பண்ணணும்." அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வேம்பு வரவில்லை. வீக்கத்தோடு மேடைக்கு முன்னால் உட்கார வெட்கமாம். ஆகவே மருத்துவ அதிகாரி ஐயா அவர்களே, நான் சால்வை கேட்கவில்லை, சாக்கடைக்கு மூடி கேட்கவில்லை, அடுத்த ஆண்டு விழா வேண்டாம், ஆறு ஆண்டுத் தொப்பியையும் திருப்பித் தந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வேம்புக்கு ஒரு தேதி கொடுங்கள். தங்கப்பாண்டிக்கு ஒரு தேதி கொடுங்கள். மேடையிலேயே கொடுங்கள்.

சற்றுப் பொறுங்கள். ஐயா என்னைக் கூப்பிடுகிறார்.

என் காதில் சொன்னதை ஊர் காதிலும் சொல்லச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். ஐயா சொல்கிறார்: வெளியூரிலிருந்து அறுவைச் சிகிச்சைக் குழு ஒன்று வந்திருக்கிறது. இந்த வீக்கத்துக்கென்றே வந்திருக்கும் குழு. சனிக்கிழமை வரவழைக்கலாம். முப்பது நோயாளிகள் இருந்தால் வருவார்கள், இருபத்தொன்பது என்றால் வரமாட்டார்கள், அதுதான் அவர்கள் விதி. நம் பகுதியில் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பு ஏட்டைப் பார்த்தாராம். எத்தனை தெரியுமா தாய்மார்களே? நான்கு! புளியந்தோப்பிலிருந்து திருவொற்றியூர் வரை நான்கே நான்கு பேர்! அந்த நான்கும் கால் வீக்கம்!

யார் எழுதினது அந்த நான்கை? ஐயாவா எழுதினார்? கணக்கெடுக்க வந்த பெண் வாசலில் நின்று, "வீட்டில் யாருக்காவது வீக்கம் உண்டா?" என்று கேட்டபோது, "இல்லம்மா, எல்லாரும் நல்லா கீறோம்" என்று சொன்னது யார்? நீங்கள்! கடைசி வரிசையில் நிற்கிற என் தோழர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்! இவ்வளவு நேரம் அரசாங்கத்தைத் திட்டியபோது விசில் அடித்தீர்களே, இப்போது ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? முப்பது பேர் எங்கே? எழுந்து நில்லுங்கள். நின்றுகொண்டிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு பெயரைச் சொல்லுங்கள், போதும். வேம்புவின் உயிர் உங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. ஒருவரும் இல்லையா? ஒருவர் கூடவா இல்லை? சே!

என்ன பூவம்மா? ஏன் எழுந்தீர்கள்? மைக் வேண்டாம், சத்தமாகச் சொல்லுங்கள். கேட்டதா? பூவம்மா சொல்கிறார்: "எங்க வூட்டுக்காரருக்கு கீது. வேம்பு. எழுதிக்கோங்க." எழுதுங்கள் ஐயா, ஒன்று!

அதோ சிலுவையம்மாள், தங்கப்பாண்டியின் மனைவி. "எங்க வூட்லயும் கீது." இரண்டு! அங்கே பர்தாவோடு எழுந்து நிற்பது பிலாலின் மனைவி ரிஃபானா. மூன்று! பிலால் பின்வரிசையிலிருந்து கையைக் காட்டி உட்கார் உட்கார் என்கிறார். உட்காராதீர்கள் ரிஃபானா! நான்கு, ஐந்து. நீலப் புடவை அம்மா, உங்கள் மகனுக்கா? ஆறு. இங்கே இரண்டு பேர், எட்டு. பாயில் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்க எழுகிறது. பதினொன்று, பன்னிரண்டு. தமீம் பாய், பாருங்கள், தாய்மார்கள் எதிரில் நாசூக்காகப் பேசச் சொன்னீர்களே, தாய்மார்களைப் பாருங்கள்! பதினெட்டு, பத்தொன்பது. ஆண்பிள்ளைகள் அடைத்து வைத்த வாயைப் பெண்கள் திறக்கிறார்கள். இருபத்து மூன்று. இருபத்தாறு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

இருபத்தொன்பது. இன்னும் ஒன்று.

இன்னும் ஒரே ஒன்று தாய்மார்களே! இருபத்தொன்பது என்றால் அந்தக் குழு வராது. இருபத்தொன்பது பேரையும் எழுப்பி நிறுத்தி, வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ஒரு பெயருக்காகப் பூவம்மா வீட்டுக்கு நாம் மாலை வாங்க வேண்டுமா? யார் அந்த ஒருவர்? இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். எனக்குத் தெரியும், இருக்கிறார். என்ன கௌரவம் ஐயா உனக்கு? யாருக்காக அதைக் காப்பாற்றுகிறாய்? வெளியே வா! உன் பெயரைச் சொல்!

யசோதரா, நீ ஏன் எழுந்தாய்? உட்கார். உட்கார் என்கிறேன்.

மன்னியுங்கள். அது என் மனைவி. ஏதோ...

சொல்கிறாள். நீங்களும் கேட்டீர்கள், நான் மறைக்க முடியாது. "இருவத்தொம்போது பேரை எழுப்பி வுட்டுட்டு, நீ இன்னாத்துக்கு மைக்கைப் புடிச்சிகினு யாரைத் தேடிகினு கீற? ஏழு வருசமா மறைச்சது போதும். எழுதிக்கோங்க டாக்டர். முப்பது. இவருதான்."

ஆமாம்.

ஆமாம் தோழர்களே. ஏழு வருடம். ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேரை அழைத்துப் போனேன், என்னை அழைத்துப் போகவில்லை. எத்தனையோ மனு எழுதினேன், என் பெயரை எழுதவில்லை. கணக்கெடுக்க வந்த பெண்ணிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று சொன்னது நான். சங்கச் செயலாளருக்கு இது வரலாமா, மேடை ஏறுகிறவனுக்கு இது இருக்கலாமா என்று எனக்குள்ளே ஓர் ஈனப் புத்தி. அந்த நான்கு என்ற எண்ணை எழுதியவர்களில் முதல் ஆள் நான்தான். உங்களைத் திட்டினேன், குமாஸ்தாவைத் திட்டினேன், ஆறு ஆண்டு விழாவைத் திட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வீக்கத்துக்காக அல்ல.

யசோதரா, உட்காராதே. அப்படியே நில்.

ஐயா, எழுதுங்கள். வேம்பு, முதல் பெயர். தங்கப்பாண்டி, இரண்டாவது. கடைசியில் எழுதுங்கள்: செங்குட்டுவன், வயது ஐம்பத்திரண்டு, கிடங்குத் தொழிலாளர் சங்கம். எழுதிவிட்டீர்களா? முப்பதா? சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா, அவர்கள் காதில் விழட்டும். சனிக்கிழமை காலை ஏழு மணி என்கிறார்! பூவம்மா, ஓடுங்கள், வேம்புவிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை!

இரண்டு சீட்டு அனுப்பியும் என்னை இறக்கிவிடாத தலைவருக்கு நன்றி. எழுந்து நிற்கிற இருபத்தொன்பது தாய்மார்களின் கால் தொட்டு நன்றி. முப்பதாவதாக எழுந்தவளுக்கு மேடையிலிருந்து நன்றி சொல்லத் தெரியவில்லை, இறங்கி வந்து சொல்கிறேன். பேச இன்னும் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். எனக்குப் பேச வேறொன்றும் இல்லை. அனைவருக்கும் என் வணக்கம்.